திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் எந்தச் சண்டையில் வென்றது?

கேள்வி இது: "திருகோணமலையில் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று 200 வருடம் தாண்டியும் இங்கிலாந்தில் மிதக்கிறதாமே. அதில் எத்தனை பீரங்கி, எந்தெந்தப் போரில் வென்றது, மரம் எப்படி உளுத்துப் போகாமல் நின்றது?" முதல் இரண்டுக்கும் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். பீரங்கி எண்ணிக்கை காலத்தைப் பொறுத்து 38, 46, 26 என்று மாறும். எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலீ என்ற அந்தக் கப்பல் கட்டப்பட்டது மும்பையில், திருகோணமலையில் அல்ல. எதிரிக் கப்பலோடு பக்கம் சேர்ந்து நின்று சுட்டுக்கொண்ட சண்டை ஒன்றுகூட அதன் வரலாற்றில் இல்லை. மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. சண்டையே போடாத கப்பல் பிழைத்திருக்க, பேர்பெற்ற சண்டைக் கப்பல்கள் ஏன் விறகாகிப் போயின? இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகத் தெளியும்.

எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலீ லீடா வகுப்பைச் சேர்ந்த ஃப்ரிகேட். ஒரே ஒரு பீரங்கித் தளத்தில் முதன்மைப் பீரங்கிகளை வரிசையாக வைத்து, வேகமாக ஓடி, தனியாகவே கடலில் மாதக்கணக்கில் திரியக்கூடிய நடுத்தரப் போர்க்கப்பலைத்தான் ஃப்ரிகேட் என்பார்கள். லீடா வகுப்பின் வடிவம் பிரெஞ்சுக்காரர்களுடையது. 1782இல் பிடிபட்ட ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் உடல்கோடுகளை அளந்து, அதையொட்டி வரைந்தார்கள். 1813 ஜூன் 1 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் செசபீக்கைப் பிடித்துப் பெயர் வாங்கிய ஷானனும் இதே வகுப்புதான். பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி, அகலம் 40 அடி, ஆட்கள் சுமார் 300 பேர். 1,066 டன் என்று எழுதியிருப்பதைக் கப்பலின் எடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஒரு வாய்பாட்டில் போட்டு எடுக்கும் கொள்ளளவுக் கணக்கு அது. கப்பல் தள்ளும் நீரின் எடை இதைவிடக் கணிசமாக அதிகம்.

பீரங்கி எண்ணிக்கையில் நீங்கள் குழம்பியிருப்பீர்கள். ஓரிடத்தில் 38 என்றும், இன்னோரிடத்தில் 46 என்றும், வேறோரிடத்தில் 26 என்றும் இருக்கும். மூன்றும் சரிதான். அன்றைய கணக்கில் நீண்ட குழல் பீரங்கிகளை மட்டுமே வைத்துக் கப்பலின் தரத்தைச் சொன்னார்கள். கரோனேடு எனப்படும் குட்டைக் குழல் பீரங்கி கனத்த குண்டை எறியும், ஆனால் எட்டத்துக்குப் போகாது. அதை முறையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1817இல் விதியை மாற்றி அவற்றையும் எண்ணத் தொடங்கியதும், 38 பீரங்கிக் கப்பல் ஒரு பீரங்கிகூடக் கூடாமலேயே 46 ஆனது. முதன்மைத் தளத்தில் 18 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 28. அதற்கு மேலே அணியம் எனப்படும் முன்பக்கமும் அமரம் எனப்படும் பின்பக்கமும் சிறு பீரங்கிகளும் கரோனேடுகளும் சேர்ந்து 18. பிற்பாடு 1840களில் வந்த 26 என்ற எண் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன். எந்தப் போர்க்கப்பலின் வரலாற்றைப் படித்தாலும், எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கப்பலுக்கான ஆணை 1812 அக்டோபரில் போடப்பட்டது. நெப்போலியனோடு போர் உச்சத்தில் இருந்த நேரம். இங்கிலாந்தில் நல்ல ஓக் மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு இதே லீடா வடிவத்தில் எட்டுக் கப்பல்களைப் பைன் மரத்தில் கட்டினார்கள். அவை சீக்கிரம் கட்டி முடிந்தன, சீக்கிரமே அழுகியும் போயின. பெரும்பாலானவை பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. மும்பையில் அப்படி இல்லை. மலபார்க் காடுகளின் தேக்கும், அதை அறுத்துப் பொருத்தும் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களும் அங்கே இருந்தார்கள். தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. கப்பலின் வரைபடங்களை ஜாவா என்ற ஃப்ரிகேட்டில் ஏற்றி அனுப்பினார்கள். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிட்யூஷன் ஜாவாவை அடித்து நொறுக்கியது. வரைபடங்களும் போயின. மறுபடி வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரமான ஏராவை வைக்கும் வேலை 1816இல்தான் தொடங்கியது. பார்சி வழக்கப்படி ஏராவில் வெள்ளி ஆணி அடித்துத் தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று கப்பலை நீரில் இறக்கினார்கள். செலவு சுமார் 23,000 பவுண்டு. நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்தப் போரே தீர்ந்துவிட்டது. ட்ரிங்கோமலீயை "நெப்போலியன் காலப் போரில் ஈடுபட்ட கப்பல்" என்று எழுதுகிறவர்கள் ஆணை போட்ட ஆண்டைப் பார்த்தவர்கள், நீரில் இறக்கிய ஆண்டைப் பார்க்காதவர்கள்.

ஏன் அந்தப் பெயர்? 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே ஹியூஸின் பிரிட்டிஷ் கடற்படைக்கும் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படைக்கும் நடந்த சண்டையின் நினைவாக வைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு இதில் தயக்கம் உண்டு. அந்தச் சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. சில நாள் முன்புதான் சுஃப்ரன் துறைமுகத்தைப் பிடித்திருந்தார், சண்டைக்குப் பிறகும் அது அவர் கையிலேயே இருந்தது. பிரிட்டன் பெருமையாக நினைவில் வைக்கக்கூடிய நாள் அல்ல. மாறாக, 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பிறகு திருகோணமலையின் ஆழமான இயற்கைத் துறைமுகம் அவர்களின் கிழக்குக் கடற்படைக்கு உயிர்நாடி ஆனது. 1957 வரை அதை விடவில்லை. துறைமுகத்தின் பெயரையே வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. இது கணிப்புதான், ஆவணம் அல்ல. இன்னொரு எச்சரிக்கை: 1799இல் செங்கடல் வாயிலில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு சண்டையிடும்போது வெடித்துச் சிதறிய ட்ரிங்கோமலீ இதற்கு முந்தைய சிறு கப்பல். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியவற்றைப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

கப்பல் தன் முதல் பயணத்தில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்துக்குப் போனது. 1819 ஜனவரி 24 அன்று செயின்ட் ஹெலினாவை அடைந்து ஆறு நாள் நின்றது. அந்தத் தீவில் சிறையிலிருந்த நெப்போலியனைக் கவனித்த மருத்துவர் ஜான் ஸ்டோகோவை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மத் சேர்ந்தது. நெப்போலியனோடு இந்தக் கப்பலுக்கு இருந்த தொடர்பு இவ்வளவுதான். சேர்ந்ததும் அதை ஒதுக்கிக் கட்டி வைத்துவிட்டார்கள். 1819 முதல் 1840களின் நடுப்பகுதி வரை கால் நூற்றாண்டுக்கு மேல் அது அசையவில்லை.

இந்தக் காலத்தைத்தான் எல்லாரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். கப்பல் பிழைத்ததற்கு அடித்தளம் இங்கேதான் இருக்கிறது. ஒதுக்கிக் கட்டும்போது பாய்மரங்களை இறக்கிவிடுவார்கள். பீரங்கி, குண்டு, கயிறு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் கரைக்குப் போகும். மேல்தளம் முழுக்க மரக்கூரை போடுவார்கள். செராங்கு, பீரங்கிப் பொறுப்பாளர், தச்சர் போன்ற நிலைப் பணியாளர் சிலர் மட்டும் கப்பலோடு இருப்பார்கள். இதனால் இரண்டு நன்மை. ஒன்று, எடை. 18 பவுண்டுப் பீரங்கிக் குழல் ஒன்றே இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். 28 குழல் என்றால் 60 டன்னுக்குக் கிட்ட. இது முழுவதும் நீர்மட்டத்துக்கு மேலே நீளவாக்கில் பரவிக் கிடக்கும் சுமை. கப்பலின் நடுப்பகுதி பருத்திருப்பதால் நீர் அதை நன்றாகத் தாங்கும். அணியமும் அமரமும் மெலிந்து முடிவதால் அங்கே தாங்கல் குறைவு. நாளடைவில் இரு முனையும் தொங்கி, நடு உயர்ந்து, ஏரா வில்லாக வளையும். ஏரா வளைந்தால் பலகை மூட்டுகள் திறக்கும், மூட்டை அடைத்திருக்கும் கலப்பற்று உதிரும், நீர் உள்ளே வரும். சுமை இறக்கிய கப்பலில் இந்த வளைவு மெதுவாகவே ஏறும். இரண்டாவது நன்மை, கூரை. மரக்கப்பலுக்குக் கடல் நீரைவிட மழை நீர்தான் எதிரி. உப்பு நீரில் நனைந்த மரத்தில் அழுகல் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மேல்தளத்து இடுக்கு வழியே சொட்டும் மழை நீர் வங்குகள் எனப்படும் விலா மரங்களுக்கு இடையே காற்றோட்டமில்லாத பொந்துகளில் தேங்கினால், வெளியே பலகை புதுசு போலிருக்க உள்ளே மரம் பஞ்சாகிவிடும். கூரை அதைத் தடுத்தது.

இதைக் கட்டாயம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "தேக்கு என்பதால் பிழைத்தது" என்ற ஒற்றை விடைதான் எங்கும் ஓடுகிறது. அதை ஒப்பிட்டுச் சோதிக்க வழி இருக்கிறது. லீடா வடிவத்திலேயே 1824இல் சாத்தமில் நீரில் இறக்கிய யூனிகார்ன் இன்றும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருக்கிறது. அது ஓக் மரம். அதற்குப் பாய்மரமே நட்டதில்லை, கடலுக்குப் போனதேயில்லை, கூரையோடே இருந்தது. மறுபக்கம், ட்ரிங்கோமலீக்கு ஒரு வருடம் முன்பு மும்பையில் இதே தேக்கில் கட்டிய உடன்பிறப்பு ஆம்ஃபிட்ரைட்டை 1870களில் உடைத்துவிட்டார்கள். ஆக, ஓக்கும் பிழைக்கிறது, தேக்கும் போகிறது. மரம் ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல.

இருந்தாலும் தேக்கின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓக்கில் டானிக் அமிலம் உண்டு. அது இரும்பு ஆணியை அரிக்கும். துருவேறிய ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து நெகிழ்ந்து, ஆணி தன் துளையிலேயே ஆடத் தொடங்கும். தேக்கின் எண்ணெய்ப் பிசின் இரும்பைப் பெருமளவு காக்கிறது, பூஞ்சையையும் எதிர்க்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு அதிகம் வீங்கிச் சுருங்காததால் மூட்டுகள் இறுக்கமாக நிற்கும். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல்புழு துளைக்காமலிருக்கச் செப்புத் தகடு போர்த்துவது அன்றைய வழக்கம். அதற்குள் ஒரு பொறி உண்டு. செம்பும் இரும்பும் உப்பு நீரில் அருகருகே இருந்தால் மின்கலம் போல ஆகி இரும்பு கரைந்துபோகும். தகடு போட்ட புதிதில் இந்த உண்மை தெரியாமல் பல கப்பல்களின் அடி ஆணிகள் கரைந்தன. 1780களிலேயே நீருக்கடியில் செப்பு உலோகக்கலவை ஆணிகளுக்கு மாறிவிட்டதால் 1817இல் கட்டிய கப்பலுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை.

1845இல் கப்பலை எடுத்து மாற்றியமைத்தார்கள். அதற்குள் அது பழைய ரகம். தட்டையான ஜன்னல் வரிசை கொண்ட அமரத்தை வெட்டி நீள்வட்ட வடிவில் திருப்பிக் கட்டினார்கள். தட்டை அமரம் வலுவற்றது, பின்னாலிருந்து வரும் குண்டு கப்பலின் நீளம் முழுக்கப் பாயும். பீரங்கிகளைக் குறைத்து, ஆனால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, 26 பீரங்கிக் கார்வெட், அதாவது ஃப்ரிகேட்டுக்கு அடுத்த கீழ்த்தரக் கப்பல், என்று தரம் இறக்கினார்கள். 18 பவுண்டுக்குப் பதில் 32 பவுண்டு, அதாவது 14 கிலோவுக்கு மேற்பட்ட குண்டு. தரம் இறங்கியது, அடி கூடியது. இதைப் "பாதிப் பீரங்கியைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று படிப்பது தவறு.

பிறகுதான் கடல் வாழ்க்கை. இரண்டே பணிக்காலம். 1847 முதல் 1850 வரை கேப்டன் வாரனின் கீழ் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதி: அடிமை வணிகக் கப்பல்களைத் தேடும் ரோந்து, ஹைட்டிக் கலவரத்தின்போது காவல், கியூபாமீது படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில் நடமாட்டம், 1849இல் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம். 1852 முதல் 1857 வரை கேப்டன் ஹௌஸ்டனின் கீழ் பசிபிக். கிரிமியப் போரின்போது பசிபிக் கடற்படையில் இருந்தது. 1854இல் அலாஸ்காவின் போர்ட் கிளாரன்ஸ் வரை போய், காணாமல்போன ஃபிராங்க்ளினின் ஆர்க்டிக் குழுவைத் தேடிக்கொண்டிருந்த ப்ளோவர் கப்பலுக்கு உதவியது. அடிமை வணிக ரோந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "ரோந்தில் இருந்தது" என்பது வேறு, "இத்தனை பேரை விடுவித்தது" என்பது வேறு. முதலாவதுக்கு நியமன ஆணை போதும். இரண்டாவதுக்குப் பிடித்த கப்பலின் பெயரும் நீதிமன்றப் பதிவும் வேண்டும். எண் மட்டும் சொல்லிப் பெயர் சொல்லாத எழுத்தை விட்டுவிடுங்கள்.

இந்தக் கப்பலின் ஆள்பலம் உண்மையில் யார்மீது பாய்ந்தது என்று கேட்டால், விடை 1856இல் வான்கூவர் தீவில் இருக்கிறது. கவ்விச்சன் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் ஒரு வெள்ளைக் குடியேறியைச் சுட்டுக் காயப்படுத்தினார். அவரைப் பிடிக்க ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ், ட்ரிங்கோமலீயிலிருந்தும் மோனார்க் என்ற பெரிய கப்பலிலிருந்தும் 400க்கு மேற்பட்ட மாலுமிகளையும் கடற்படை வீரர்களையும் இறக்கினார். அந்த மனிதரை அவருடைய மக்கள் கண்முன்னே விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். சுடப்பட்ட குடியேறி சாகவில்லை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். பணிவரலாறு என்றால் கொடியும் பாயும் மட்டுமல்ல, இதுவும்தான். பல சுருக்கங்களில் இந்த நிகழ்ச்சியே இருக்காது. அந்தக் கடலில் கப்பலின் பெயர் இன்னும் இருக்கிறது: சால்ட் ஸ்பிரிங், காலியானோ தீவுகளுக்கு இடையே ஓடும் நீர்வழி ட்ரிங்கோமலி கால்வாய். பக்கத்திலேயே கேப்டனின் பெயரில் ஹௌஸ்டன் நீர்ச்சந்து. கோணேசர் மலையின் பெயர் கனடாவின் கடல் வரைபடத்தில் இப்படித்தான் ஏறியது.

1857க்குப் பிறகு நீராவிக் காலம். பாயை மட்டும் நம்பிய கப்பலுக்குப் போர்வேலை இல்லை. ரிசர்வ் மாலுமிகளுக்குப் பீரங்கிப் பயிற்சி கொடுக்கும் மிதக்கும் கூடமாக முதலில் சண்டர்லாண்ட், 1862 முதல் வெஸ்ட் ஹார்ட்டில்பூல், 1877 முதல் சவுத்தாம்ப்டன், 1895 வரை. 1897 மே மாதம் உடைப்பதற்கு விற்றார்கள். அடுத்த மாதமே நடந்த ஒரு விபத்துதான் அதைக் காப்பாற்றியது. ஜெஃப்ரி வீட்லி காப் என்பவர் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் தலைமைக் கப்பலாகக் கொண்டிருந்த பழைய ஃபூட்ராயன்டை வாங்கிச் சிறுவர் பயிற்சிக் கப்பலாக நடத்திவந்தார். 1897 ஜூன் 16 அன்று அது புயலில் பிளாக்பூல் கரையில் மோதி உடைந்தது. அதற்கு மாற்றாக அவர் ட்ரிங்கோமலீயை வாங்கி, அதற்கே ஃபூட்ராயன்ட் என்று பெயர் வைத்தார். ஃபால்மத்திலும் பிறகு போர்ட்ஸ்மத்திலும் அது 1986 வரை சிறுவர்களுக்குக் கடல் பழக்கியது. ஆகவே 20ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் ஃபூட்ராயன்ட் என்று போட்டிருந்தால், அது நெல்சனின் கப்பல் அல்ல, இதுதான்.

வேலை இருக்கும்வரைதான் பழைய கப்பல் பிழைக்கும் என்பதற்கு மற்ற மும்பைத் தேக்குக் கப்பல்களையும் பாருங்கள். 1842இல் சீனாவோடு நடந்த அபினிப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ், பிற்பாடு ஷியர்னெஸ்ஸில் படகுத்துறையாகக் கிடந்து 1957இல்தான் உடைபட்டது. வெல்லஸ்லி தேம்ஸில் பயிற்சிக் கப்பலாக இருந்து 1940இல் ஜெர்மன் விமானக் குண்டில் மூழ்கியது.

1987இல் ட்ரிங்கோமலீயைத் தெப்பக் கலத்தில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். இரும்புப் போர்க்கப்பல் வாரியரைப் புதுப்பித்த தொழிலாளர் அங்கே இருந்தார்கள் என்பதே காரணம். 1990இல் தொடங்கிய வேலை 2001இல் முடிந்தது. செலவு சுமார் 1 கோடியே 5 லட்சம் பவுண்டு. 1992இல் பழைய பெயர் திரும்பியது. உடல் மரத்தில் பாதிக்கு மேல் 1817இன் தேக்கு என்பது பொதுவான மதிப்பீடு. பாய்மரங்களும் கயிறுகளும் பீரங்கிகளும் அப்படியல்ல. "உலகிலேயே பழைய மிதக்கும் போர்க்கப்பல்" என்பது தவறு. அந்தப் பெயர் 1797இல் நீரில் இறங்கிய கான்ஸ்டிட்யூஷனுக்கு, அதாவது இதன் வரைபடங்களைச் சுமந்துவந்த ஜாவாவை அழித்த அதே கப்பலுக்கு. 1765இன் பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரி 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது, மிதக்கவில்லை. பிரிட்டிஷ் கப்பல்களில் மிதப்பவற்றுள் மூத்தது ட்ரிங்கோமலீ என்பதே சரியான வாசகம்.

மேலும் தோண்ட விரும்பினால் லண்டனின் கியூ (Kew) பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேப்டன் நாட்குறிப்புகள் ஏடிஎம் 51 (ADM 51) வரிசையிலும், கப்பல் நாட்குறிப்புகள் ஏடிஎம் 53 (ADM 53) வரிசையிலும் இருக்கின்றன. கப்பல் பெயரோடு 1847–1850, 1852–1857 என்ற இரண்டு காலத்தையும் தனித்தனியே தேடுங்கள். ஒதுக்கிக் கட்டிய வருடங்களுக்குக் கடல் நாட்குறிப்பு இருக்காது.